உருட்டுப் பந்து மெஷினும் திருச்சி வண்டியும்

என் உயிருக்குயிரான மல்லிகா அக்காவுக்கு,

கடிதமெல்லாம் உனக்குப் பிடிக்காது. "எதுன்னாலும் நேர்ல வந்து சொல்லுடி" என்பாய். இனி எந்த வாசலில் வந்து சொல்வேன்? நீ போய் ஒன்பது மாதமாகிறது.

பத்திரிகை அடித்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்ட அந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? ஏழு மாதம் நான் தெருவுக்கே வரவில்லை. தையல் மெஷினே கதி என்று கிடந்தேன். அத்தான் சிங்கப்பூரில் இருக்க, அரியலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வீடியோ கேம் கடையை நீ ஒற்றை ஆளாக நடத்திக்கொண்டிருந்தாய். ஒருநாள் வந்து என் கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

பையன்கள் எல்லோரும் சண்டை விளையாட்டு மெஷினில்தான் முட்டிமோதுவார்கள். மூலையில் இருந்த உருட்டுப் பந்து மெஷினைச் சீண்ட ஆளில்லை. பலகையில் பதித்த பந்தை உள்ளங்கையால் உருட்டினால் திரையில் ஒரு கோலி உருளும். வளைந்து வளைந்து போகிற ஒடுக்கமான பாதை. கொஞ்சம் தப்பினாலும் பள்ளம்தான். கூட்டமில்லாத மத்தியானங்களில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னை அதன் முன்னால் நிறுத்துவாய்.

"வுழுந்தா வுழட்டும்டி. வுழுந்த எடத்துலேருந்துதான் மறுபடியும் வருது, பாரு."

பல மாதங்களுக்குப் பிறகு நான் சிரித்தது அங்கேதான் அக்கா.

அப்புறம் என் புத்திசாலித்தனம். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் ஊரில் எதில்தான் தூசி இல்லை? பந்து இறுகியது. நான் உன்னிடம் கேட்காமல் தையல் மெஷின் எண்ணெயை அதில் ஊற்றினேன். தூசியும் எண்ணெயும் குழைந்து, அடியில் இருந்த உருளைகள் சுத்தமாக ஒட்டிக்கொண்டன. நீ திட்டுவாய் என்று நின்றேன்.

"நீதானே கெடுத்த? நீயே திருச்சிக்கு எடுத்துட்டுப் போயி சரிபண்ணிட்டு வா."

"தனியாவா?"

"பின்ன? அதான் பந்து தொணைக்கு வருதுல்ல."

கழற்றிய பந்தும் உருளைகளும் இருந்த துணிப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு ரயில் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். லால்குடி தாண்டியபோதுதான் ஒன்று உறைத்தது: இந்தப் பெட்டியில் யாருக்கும் என் கல்யாணக் கதை தெரியாது. அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. அன்று போனவள்தான், இன்று பெரம்பலூரில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்தில், உன் கடைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார்: "ஒங்கக்கா அன்னிக்குக் கடையப் பூட்டிட்டு அதே வண்டியில அடுத்த பொட்டியில ஏறிருச்சும்மா. ஒங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுச்சு."

நான் திரும்பி வந்தபோது ஒன்றும் தெரியாதவள் மாதிரி "வந்துட்டியா?" என்று கேட்டாயே! எப்படி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாய்?

உன் மகள் காவ்யாவுக்குத் திருச்சியில் காலேஜ் கிடைத்திருக்கிறது. தாயில்லாப் பெண்ணை ஏன் அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டும் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பதில் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டேன். ஆனால் அவளுக்கே பயம். "கூட வா சித்தி" என்கிறாள். முடியாது, கடையில் வேலை கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை அரியலூரிலிருந்து வண்டி. அவள் ஏறிய பிறகு, அடுத்த பெட்டியில் நான் ஏறுவேன். மூச்சு விடமாட்டேன் அக்கா.

உனக்குப் பின்னால் பிறந்தவள்,
வசந்தி