ஆறுமாசம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

என் கீழ்க்கட்டில் அண்ணனிடம் நீ போனில் பேசியிருக்கிறாய். சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவர். கதையில் ஆறு மாதம் தூங்கும் அரக்கனை நினைத்து அவருக்கு "ஆறுமாசம்" என்று பெயர் வைத்தது நான்தான். அறையில் எட்டுப் பேர். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் நீ என்னை எழுப்பியது போலவே, தினமும் காலையில் அவர் காதருகே சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் தட்டுவேன். "யானையை ஏத்தி மிதிக்க விட்டாலும் எந்திரிக்க மாட்டேன், போடா" என்பார்.

செவ்வாய்க்கிழமையும் தட்டினேன். அவர் அசையவில்லை.

"அரக்கன் இன்னிக்கு ரொம்ப நடிக்கிறாரு" என்றார் எங்கள் அறையிலேயே தங்கியிருக்கும் சமையல்காரர். எல்லாரும் சிரித்தோம். நான் இன்னும் பலமாகத் தட்டினேன். பிறகுதான் கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது.

தூக்கத்திலேயே மாரடைப்பாம். நான் தட்டத் தொடங்கும் முன்பே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். அதனால் நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

லீவில் ஊருக்கு வந்து, அடுத்த வாரம் இங்கே திரும்பும் எங்கள் மேஸ்திரியிடம் ஒரு தட்டு கொடுத்தனுப்பு. பழையது நெளிந்துவிட்டது. எவர்சில்வர் வேண்டாம் அம்மா, சத்தம் வராத பிளாஸ்டிக் தட்டாகப் பார்த்து வாங்கு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் மகன்