பிளஸ் என்றால் பார்த்தேன்

ஜூலை 3, 2023

வண்டி மறுபடி நின்றுவிட்டது. கண்ணிவெடி அகற்ற எங்களுக்கு வந்ததே இரண்டு வண்டிகள். ஒன்று போன மாதமே வயலில் எரிந்துபோயிற்று. மிச்சமிருந்ததில் இன்று காலை எண்ணெய்க் குழாய் வெடித்தது. ஒரு முழக் குழாய், அவ்வளவுதான். அதை நாங்கள் கழற்றி மாட்டக் கூடாதாம். வண்டியை எல்லை தாண்டி, அதைக் கொடுத்த கூட்டணி நாட்டாரின் பட்டறைக்கு அனுப்ப வேண்டுமாம், ஒப்பந்தம் அப்படித்தானாம். அனுப்பினால் திரும்பி வருவதற்குள் பனி விழுந்துவிடும். வயிறு எரிகிறது.

மகாரோவிச் கிழிந்த குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். எங்கள் சார்ஜெண்ட், இந்த வண்டியை ஓட்டுபவர். போருக்கு முன் கிரெமென்சுக்கில் புல்டோசர் ஓட்டிக்கொண்டிருந்தவர்.

"கமாண்டரே, டிராக்டர் குழாய் ஒண்ணு கெடச்சிருக்கு. வெட்டி மாட்டிப் பாக்கட்டுமா?"

"ஒப்பந்தத்துல கூடாதுன்னு இருக்கு, மகாரோவிச்."

"ஒப்பந்தம் வயல்ல முன்னாடி நடந்து போகுமா? போகும்னா சொல்லு, நான் பின்னாடியே வரேன்."

மாட்டச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 4

டிராக்டர் குழாய் கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு அதுவும் பிய்ந்தது. மகாரோவிச் முகமெல்லாம் எண்ணெய்.

ஜூலை 6

சொலோமியா போனில் திட்டினாள். "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்கு, காலையில எனக்குக் கெடைக்கிறது ஒரு கூட்டல் குறி. ஒரு வார்த்தை எழுதினா விரல் தேஞ்சிடுமா?"

என்ன செய்ய, பழகிவிட்டது. இங்கே எல்லோரும் அப்படித்தான். காலையில் எங்கள் படைக் கம்பெனியின் போன் குழுவில் நான் ஒரு கேள்விக்குறி போடுவேன். ஒவ்வொருவராக '+' போடுவார்கள். உயிரோடு இருக்கிறேன், நீ எழுதியதைப் பார்த்தேன். பிளஸ் என்றால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சம்மதம் என்றோ முடியும் என்றோ அர்த்தம் இல்லை. பார்த்தேன் என்பது மட்டும்தான். முதல் பிளஸ் எப்போதும் மகாரோவிச்சுடையது. மனிதர் எப்போதுதான் தூங்குகிறாரோ.

நாளையிலிருந்து சொலோமியாவுக்கு ஒரு வார்த்தையாவது எழுத வேண்டும்.

ஜூலை 8

வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லை தாண்டி உட்கார்ந்து எங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கும் கூட்டணி அதிகாரிகளோடு ஒரு கூட்டுக் குழு இருக்கிறது. அதில் அவர்களுடைய கர்னல் நீளமாக ஏதோ எழுதியிருந்தார். கையெல்லாம் எண்ணெய், படிக்க முடியவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சுண்டுவிரலால் ஒரு '+' தட்டினேன்.

உடனே அவர் எழுதினார்: "அருமை. நன்றி."

எதற்கு நன்றி? கையைத் துடைத்துக்கொண்டு மேலே போய்ப் படித்தேன். 'வண்டிகள் இல்லாத நிலையில், உங்கள் ஆட்கள் நடந்து சென்று கைகளாலேயே வெர்போவே தோப்பு வரை பாதை திறக்க முடியுமா? உறுதிசெய்யவும்.'

நான் உறுதிசெய்திருக்கிறேன். கடவுளே, நான் உறுதிசெய்திருக்கிறேன்.

கீழேயே எழுதினேன்: முடியாது, வண்டி இல்லாமல் முடியாது, அந்த பிளஸ்ஸுக்கு அர்த்தம் வேறு. பதில் இல்லை.

ஜூலை 9

வீடியோக் கூட்டம். ஒரு பக்கம் கர்னல், பின்னால் சுத்தமான வெள்ளைச் சுவர், கையில் காபிக் கோப்பை. இந்தப் பக்கம் நிலவறையில் நானும் எங்கள் மேஜர் யாரெமாவும். நடுவில் மொழிபெயர்க்கிற பெண்.

விளக்கினேன். ஆற அமரச் சொன்னேன், கத்தவில்லை. எங்கள் படையில் பிளஸ் என்றால் பார்த்தேன் என்று பொருள், சரி என்று அல்ல. அந்த வயலில் எதிரி எத்தனை அடுக்கு வெடி புதைத்திருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. நடந்து போனால் ட்ரோன் பார்த்துவிடும்.

கர்னல் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "உங்க கஷ்டம் புரியுது. ஆனா உங்க உறுதி ஏற்கெனவே மேல போயாச்சு. எங்க பயிற்சியில உங்க ஆளுங்க இதைப் பிரமாதமா செஞ்சாங்களே?"

செய்தோம், இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் நாட்டில், பச்சைப் புல்வெளியில். வெடி இருக்கும் இடத்தில் எல்லாம் சின்னச் சிவப்புக் கொடி நட்டு வைத்திருந்தார்கள். தலைக்கு மேல் விமானம் பறந்தது, முன்னால் மூன்று வண்டிகள் போயின. மத்தியானம் சூப் கூட நன்றாக இருந்தது. அந்த விமானம் எங்கே, அந்த வண்டி எங்கே என்று கேட்டேன். மொழிபெயர்க்கிற பெண் என்னைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லாமல் விட்டாள்.

ஜூலை 10

யாரெமாவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவரும் கெட்டவர் இல்லை. கண் இரண்டும் குழிவிழுந்து கிடக்கின்றன.

"நான் எழுத்துலயே மறுக்கிறேன், மேஜர்."

"மறு. அடுத்த தொகுதி வண்டி குடுக்கறதா வேணாமான்னு அவங்க நாடாளுமன்றத்துல இந்த மாசம் முடிவு பண்றாங்க. வரைபடத்துல போர்முனைக் கோடு கொஞ்சமாவது நகர்ந்தாத்தான் குடுப்பாங்களாம்."

"வண்டி குடுத்தாத்தானே நகர முடியும்?"

"தெரியும், ஓஸ்தாப். எனக்கு மட்டும் தெரியாதா?"

"அப்போ நீங்களாவது சொல்லுங்க."

"சொன்னேன். நீங்க போகலேன்னா மூணாவது கம்பெனி போகும். அவங்க வந்தே ரெண்டு வாரம்தான் ஆகுது."

அதற்கு மேல் நான் என்ன பேச? மூன்றாவது கம்பெனிப் பையன்களுக்கு வெடியில் எது தலை எது வால் என்று தெரியாது. எங்கள் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டு, தலையாட்டினாயே என்கிறார்கள்.

ஜூலை 11

பூனைகளைத் தயார் செய்தோம். கயிற்றின் நுனியில் கொக்கி கட்டியதற்குப் பெயர்தான் பூனை. படுத்தபடி தூர வீசி மெதுவாக இழுத்தால், புல்லில் மறைந்திருக்கும் கம்பி மாட்டி வெடி வெடிக்கும். கயிறு ஏதோ மலையேறும் சங்கத்தார் திரட்டி அனுப்பியது, ஊதாவும் மஞ்சளுமாக இருக்கிறது. இந்த நூற்றாண்டுப் போரில் என் கம்பெனியின் கருவி இதுதான். யாரிடம் போய்ச் சொல்லி அழ?

மகாரோவிச் வந்து நான்தான் முதல் ஆள் என்றார். நீங்கள் வண்டிக்காரர், உங்கள் முட்டி தாங்காது, வேண்டாம் என்றேன்.

"வண்டிதான் இல்லையே. வண்டி இல்லாத டிரைவருக்கு இங்க என்ன வேல, உருளைக்கிழங்கு உரிக்கிறதா?"

"என் பிளஸ்ஸாலதானே இதெல்லாம்?"

"அட போ கமாண்டரே. நீ மைனஸ் போட்டிருந்தா மட்டும் அவங்களுக்குப் புரிஞ்சிருக்குமா? பேட்டரி தீந்துபோச்சுன்னு நெனச்சிருப்பாங்க."

சிரித்துவிட்டேன். இரண்டு நாளில் முதல் தடவையாக.

ஜூலை 13

நாளை விடிந்ததும். சொலோமியாவுக்கு ஒரு பக்கம் எழுதினேன். இவ்வளவு நீளமாக எழுதினால் பயந்துவிடுவாள் என்று அழித்துவிட்டு, '+ முத்தம்' என்று அனுப்பினேன்.

ஜூலை 15

எழுதித் தொலைக்கிறேன். எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

பாதையைத் திறந்தோம். ஆமாம், திறந்தோம், மேலே எழுதிக்கொள்ளட்டும். ஒரு ஆள் உடம்பு அகலத்துக்கு, வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து, தோப்பு விளிம்பு வரைக்கும் போய்விட்டோம். மகாரோவிச் முன்னால், நான் அவர் பூட்ஸைப் பார்த்தபடி பின்னால். பூனையை வீசுவார், இழுப்பார், காத்திருப்பார், "போலாம்" என்பார். தோப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது தலைக்கு மேல் ட்ரோன் சத்தம் கேட்டது. பிறகு குண்டு விழ ஆரம்பித்தது.

சாதாரண வயலாக இருந்தால் உருண்டு ஒரு பள்ளத்தில் விழலாம். இங்கே இடது பக்கமும் வெடி, வலது பக்கமும் வெடி. படுத்துக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மகாரோவிச்சுக்கு இடுப்புக்குக் கீழே பட்டது. உயிர் இருந்தது, பேசினார். கவச வண்டி வந்திருந்தால் பிழைத்திருப்பார். வண்டி வர அகலமில்லை, அகலப்படுத்த வண்டியில்லை. ஊதாக் கயிற்றை அவர் தோளுக்கடியில் கட்டி இழுத்தோம். பாதி வழியில், "மெதுவா இழுங்கடா, நான் என்ன பூனையா?" என்றார். அதுதான் கடைசியாகப் பேசியது.

என்னால் முடியல. இந்த மனுஷன் என்னடா பாவம் பண்ணினாரு உங்களுக்கு? ஒரு முழம் குழாய். ஒரு முழம் குழாய் கொடுத்திருந்தா போதாதா?

ஜூலை 16

காலையில் கேள்விக்குறி போட்டேன். வெகுநேரம் யாரும் பிளஸ் போடவில்லை. முதலில் போட யாருக்கும் மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். கடைசியில் நானே போட்டேன், பிறகு மற்றவர்கள் போட்டார்கள். அவர் பெயரைக் குழுவிலிருந்து யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கப்போவதில்லை.

ஜூலை 20

வீடியோக் கூட்டம். கர்னல் வாழ்த்துச் சொன்னார். வரைபடத்தில் தோப்பு எங்கள் பக்க நிறமான நீலமாகிவிட்டதாம், அவர்கள் ஊரில் எல்லோருக்கும் மகிழ்ச்சியாம். இறந்தவருக்காக வருந்துவதாகவும் சொன்னார், நிஜமாகவே வருந்தினார் என்றுதான் தோன்றியது. அது எனக்கு எதற்கு?

இந்த முறை மொழிபெயர்க்கிற பெண்ணிடம், ஒரு சொல் விடாமல் சொல்லம்மா என்று கேட்டுக்கொண்டேன். பிளஸ் என்றால் பார்த்தேன். செய்கிறேன் என்று அர்த்தம் இல்லை. அதைத் தப்பாகப் படித்ததால் என் சார்ஜெண்ட் செத்தார். அவள் அப்படியே சொன்னாள்.

கர்னல் கோப்பையைக் கீழே வைத்தார். "இனிமே மறக்க மாட்டேன்" என்றார். குறித்தும் வைத்துக்கொண்டார்.

ஜூலை 27

அடுத்த பாதைக்கு உத்தரவு வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை. வண்டிகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

கூட்டுக் குழுவில் நானே நேரடியாக எழுதினேன். இரண்டு வண்டி வேண்டும். அதுவும் இல்லையென்றால் குழாயாவது வேண்டும், நாங்களே மாட்டிக்கொள்ள அனுமதியும் வேண்டும். இல்லாவிட்டால் என் ஆட்கள் மறுபடி கயிற்றோடு ஊர்ந்துதான் போவார்கள், மறுபடி சாவார்கள். அடியில் அவர் முழுப் பெயரையும் எழுதினேன்: ஹ்னாத் மகாரோவிச் ஷ்வேட்ஸ்.

சாயங்காலம் கர்னலின் பதில் வந்தது.

+

பார்த்துவிட்டாராம்.