செருப்பு வண்டியில் இருக்கிறது

ஏங்க,

ஆலங்குடியில் அப்பா கடைக்குப் போகிறேன். மீன் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது.

"வயர்க் கடையில பொறந்தா வண்டி தெரிஞ்சிருமா?" என்று நேற்று கத்திவிட்டுச் சாப்பிடாமல் படுத்தீங்களே, காலையில் நீங்க வெட்டி ஒட்டிக் கட்டும் அம்பாசிடரைப் பார்த்தேன். இன்ஜினுக்குப் பின்னால் தகட்டில் ஓட்டை போட்டு வயரை வெறுமனே நுழைத்திருக்கீங்க. தகட்டு விளிம்பு வயரை அறுத்தால், ஞாயிற்றுக்கிழமை திருமயம் போகும் வழியிலேயே நமக்குத் தீபாவளி. உங்க ரப்பர் செருப்பில் ஒன்றை வளையமாக வெட்டி அந்த ஓட்டைக்கு மாட்டிவிட்டேன்.

ஒற்றைச் செருப்போடு கோபித்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போக முடியாது. சாப்பிடுங்க.

செல்வராணி

பி.கு: தோல் செருப்பையும் தேடாதீங்க, அது என் காலில் ஆலங்குடி போகிறது. சைலன்சரை ஒட்டிப் போகும் வயரைத் தள்ளிக் கட்டி வையுங்க; திருப்பித் தருகிறேன்.