நாலாவது அடியில் ஒரு மேசை

டிசம்பர் 29

மைனஸ் ஒன்பது. கால்வாய்க் கரைக்குப் போகவில்லை. குளிர்தான் காரணம் என்று எழுதினால் இந்த நோட்டிடமே பொய் சொன்னதாகிவிடும். நேற்றுக் காலை அங்கே தனியாக, இருவர் எதிரெதிரே ஆடும் குங்ஃபூ வரிசையில் என் பாதியை மட்டும் ஆடிக்கொண்டிருந்தேன். என் பாதி முழுக்கப் பின்வாங்குவதுதான். என் ஜோடி சூய் அடித்துக்கொண்டே முன்னால் வருவாள், நான் தடுத்துக்கொண்டே பின்னால் போவேன். பதினெட்டு வருடமாக அப்படித்தான். செப்டம்பரில் அவள் மகளின் இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஷென்ஜென் போய்விட்டாள். நான் மட்டும் பின்வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

நாயோடு நடக்க வந்த ஒருத்தி புருஷனிடம் சொன்னது நன்றாகக் காதில் விழுந்தது. "பாவம், யாரோ அடிக்க வர்றாங்கன்னு நெனச்சு அந்தம்மா ஓடுது பாருங்க."

ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இது தேவையா? இனி வீட்டுக் கூடத்தில்தான்.

ஜனவரி 3

கூடம் பால்கனிக் கதவிலிருந்து சமையலறை வரை ஏழு தரை ஓடு. கரையில் ஒன்பது ஓடு தூரம் போவோம். சரி, அடியைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டால் போயிற்று. நடுவில் என் வலப்பக்கம் என் வீட்டுக்காரருடைய மாஜோங் ஆட்ட மேசை. மோட்டார் வைத்தது, காய்களைத் தானே கலக்கி அடுக்கும். அவர் போய் மூன்று வருடமாகிறது. மேசை போகவில்லை. இரண்டு ஆண்கள் சேர்ந்து தூக்கினால்தான் அசையும். கூப்பிட்டால் வருவார்கள். நான்தான் கூப்பிடவில்லை.

ஒவ்வொரு வரிசை முடிவிலும் வலது காலை ஓங்கி மிதிக்க வேண்டும். மிதித்தேன். கீழ்வீட்டு கெங் கம்பால் தன் கூரையை இரண்டு தட்டுத் தட்டினார்.

ஜனவரி 4

மூன்று தட்டு.

ஜனவரி 18

சந்திர வருடத்தின் பன்னிரண்டாம் மாதத்து எட்டாம் நாள், பூண்டு ஊறப்போடுகிற நாள். பூண்டு உரித்து வினிகரில் ஊறப்போட்டேன். பழக்கத்தில் இரண்டு ஜாடி போட்டுவிட்டேன். இரண்டாவது எப்போதும் சூயுடையது. பிரித்து எடுக்க மனம் வரவில்லை, மூடி வைத்துவிட்டேன்.

அதையே சாக்காக வைத்து அவளைக் கூப்பிட்டேன். அவளுக்கு ஐம்பத்து மூன்று, என்னைவிட ஐந்து வயது சின்னவள். ஆனாலும் நான்தான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். முதலில் சீடராகச் சேர்ந்தவள்தான் மூத்தவள்; குருவுக்குத் தேநீர் கொடுத்து மண்டியிட்ட அன்று என் பஸ் இருபது நிமிடம் தாமதம். அந்த இருபது நிமிடத்துக்கு வாழ்நாள் முழுக்கத் தண்டனை.

"அக்கா, வரிசை ஆடுறியா, இல்லையா?"

"ஆடுறேன்டி தங்கச்சி. தினமும்."

"எங்க?"

"பால்கனியில."

"போனைத் திருப்பிக் காட்டு பார்ப்போம்."

"பிள்ளைங்க இப்பதான் தூங்குதுங்க. இன்னொரு நாள் காட்டுறேன்."

பால்கனியாம்! இருபத்தாறாவது மாடியில், துணி காயப்போடுகிற இடத்தில், இருவர் வரிசையாம். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். நம்பவில்லை.

பிப்ரவரி 9

சந்திர வருடத்தின் கடைசி நாள். மதியமே கொழுக்கட்டை பிடித்துவிட்டேன், பன்றிக்கறியும் பூண்டுத்தாளும். ஒருத்திக்கு எவ்வளவு மாவு பிசைய வேண்டும் என்று மூன்று வருடமாகியும் கைக்குப் புரியவில்லை. கொதிக்கிற தண்ணீரில் போட்டு, அடுப்புக்கு எதிரே குதிரை நிலையில் நின்றேன். தொடை தரைக்கு மட்டமாக, முதுகு நேராக. மூன்று முறை பச்சைத் தண்ணீர் விட்டு மூன்று முறை கொதிக்கும்வரை எழுந்திருப்பதில்லை என்று எனக்குள் ஒரு பந்தயம். இரண்டாவது தண்ணீரிலேயே கால் வெடவெடவென்று நடுங்கியது. மூன்றாவதையும் நின்று முடித்தேன்.

நின்று முடித்ததைச் சொல்ல ஆள் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கால் வலி ஒன்றுமே இல்லை.

பிப்ரவரி 17

நான் பேசியது சரியா தப்பா? எழுதிப் பார்த்தால் தெரியும்.

ஏப்ரலில் கல்லறை நாளுக்கு வர முடியாது போலிருக்கிறது என்றாள் சூய். மருமகனுக்கு வெளியூர் வேலையாம், பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லையாம். குரு போனதிலிருந்து ஒவ்வொரு கல்லறை நாளிலும் அவர் சமாதி முன்னால் நாங்கள் இருவரும்தான் அந்த வரிசையை ஆடுகிறோம். மழை பெய்த வருடம்கூட விட்டதில்லை.

"முடியாதுன்னு சொல்லாதே அக்கா. மறந்து போச்சுன்னு சொல்லு."

"என்னடி மறந்து போச்சு?"

"எல்லாம்தான். காலு, வரிசை, நான். ஆயா வேலைக்குப் போனவளுக்கு குதிரை நிலை எதுக்கு? பால்கனியில ஆடுறேன்னு இன்னும் எத்தனை நாள் கதை விடுவே?"

அந்தப் பக்கம் குழந்தை அழுதது. "வைக்கிறேன்," என்றாள். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தத் தெரிந்தவள்தானே!

பிப்ரவரி 18

மன்னிப்புக் கேட்கலாமா? அவள்தானே அக்கா, அவளே முதலில் பேசட்டும்.

பிப்ரவரி 20

பேசவில்லை.

பிப்ரவரி 24

விளக்குத் திருநாள். இரண்டு நாளாகக் காய்ச்சல். காலையில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் கெங், கையில் மூடிய கிண்ணம். மூன்று வருடத்தில் முதல் தடவையாக மாடி ஏறி வந்திருக்கிறார்.

"ரெண்டு நாளா கூரை அமைதியா இருக்கே, ஷாவ் அம்மா. உயிரோட இருக்கீங்களான்னு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"இருக்கேன் கெங் அண்ணே. கொஞ்சம் காய்ச்சல்."

"எள்ளு வெச்ச உருண்டை. என் பொண்ணு செஞ்சது. சூடா சாப்பிடுங்க." வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தார். "இனிமே நான் கம்பால தட்ட மாட்டேன்."

"தட்டுங்கண்ணே. பரவாயில்ல."

நான் உண்மையாகத்தான் சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. உருண்டை நாலையும் தின்றேன்.

மார்ச் 10

குருவின் சீடர்களில் மூத்தவர் நியூ அண்ணன் கூப்பிட்டார். "சூய் வர்ற மாதிரி தெரியல. ஹுவாங்குக்கு அடிக்கிற பாதி தெரியும். அவகூட சேர்ந்து ஆடிடு. குரு முன்னால அந்த வரிசை இல்லாம முடியாது." சரி என்றேன், வேறென்ன சொல்வது?

ஹுவாங் நல்ல பெண். நாற்பதுதான் ஆகிறது, கால் இரும்பு. பனி உருகியிருந்ததால் கரையிலேயே ஆடினோம். முதல் வரிசை பாதி போவதற்குள் நின்றுவிட்டாள்.

"அக்கா, ஏன் நாலாவது அடியில இடது பக்கம் ஒதுங்குறீங்க?"

"நான் எங்கே ஒதுங்குனேன்?"

"ஒதுங்குறீங்கக்கா. வேணும்னா போன்ல எடுத்துக் காட்டட்டுமா?"

எடுத்துக் காட்டினாள். பார்த்தேன். கரைமேல், சுற்றி ஒரு புல்கூட இல்லாத வெட்டவெளியில், நாலாவது அடி வைக்கும்போது வலது குதிகாலை உள்ளே இழுத்துக்கொண்டு இடப்பக்கம் நழுவுகிறேன். அந்த இடத்தில் என் வீட்டில் என்ன இருக்கிறது? மாஜோங் மேசையின் கால். அடியும் சுருங்கிவிட்டது. ஏழு ஓட்டுக்குமேல் என் கால் போக மறுக்கிறது.

வெட்கத்தில் முகம் எரிந்தது. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

மார்ச் 12

கண்ணை மூடி ஆடினேன். ஒதுங்கினேன். கண்ணைத் திறந்து, மண்ணில் கோடு கிழித்து ஆடினேன். ஒதுங்கினேன். இரண்டு மாதம் கூடத்தில் தனியாக ஆடினால் இதுதான் கதி. எதிரில் ஆள் இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பாள்.

மார்ச் 15

ஹுவாங்கோடு ஆடப் போவதில்லை என்று நியூ அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் குறை ஒன்றும் இல்லை. அவள் சரியாக அடிக்கிறாள், நான்தான் சரியாகப் பின்வாங்கவில்லை. அதைவிட, அவள் எதிரே நிற்கும்போது சூய் இல்லை என்பது இன்னும் நன்றாகத் தெரிகிறது. அண்ணன் பெருமூச்சு விட்டார். "அப்ப மத்தவங்களோட நின்னு கும்பிட்டுட்டுப் போ," என்றார்.

சூய்க்கு ஒரு வரி அனுப்பினேன்: இந்த வருடம் நம் வரிசை இல்லை. பார்த்துவிட்டாள்.

ஏப்ரல் 3

மதியம் சூயிடமிருந்து வந்தது: "ரயில் ஏறிட்டேன். காலையில் நேரா சமாதிக்கு வந்துடுறேன். என் பூண்டு ஜாடி இருக்கா?"

இருக்கு என்று மட்டும் அனுப்பினேன். அதற்கே இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

ஏப்ரல் 4

கல்லறை நாள். கோதுமை முழங்கால் உயரம் வந்திருந்தது. வயல் வரப்பில் பெட்டியை உருட்ட முடியாமல் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள் சூய். உடம்பு போட்டிருக்கிறாள். முடி நரைத்துவிட்டது, சாயம் அடிக்க நேரமில்லை போலும். எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். எனக்கு மட்டும் தலையை அசைத்தாள். நானும் அசைத்தேன். இரண்டு பேருக்கும் வீம்பு.

"ஒரு தடவை ஒத்திகை பார்த்துடுறீங்களா?" என்றார் நியூ அண்ணன்.

"எதுக்கு?" என்றோம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

குருவுக்குப் படைத்த காகிதப் பணம் எரிந்து முடிந்ததும் எதிரெதிரே நின்றோம். என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். இவள் ஆடவே இல்லை, நாலு அடிக்குள் தடுமாறப் போகிறாள், தடுமாறட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று. பதினெட்டு வருடம் அப்படியே வந்தது. அவள் மூச்சின் சத்தம்கூட மாறவில்லை. நாலாவது அடியில் என் கால் இல்லாத மேசையைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனது. அவள் முஷ்டி காற்றில் போயிற்று. ஐந்தாவது அடியில் அவள் ஒரு காரியம் செய்தாள். நேரே வர வேண்டியவள், இடது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, சட்டென்று வலப்பக்கம் பாய்ந்தாள். அவளுடைய வலப்பக்கம் என்றால் நான் ஒதுங்கி நிற்கிற பக்கம். என் அடியோ குட்டை. கும்மென்று காறையெலும்பில் ஒரு குத்து.

கோதுமை வயலில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ சிரித்தார்கள். நியூ அண்ணன் இருமினார். சூய் ஓடிவந்து மண்டியிட்டாள்.

"ஏன்டி ஒதுங்குனே? பட்டுடுச்சா? காட்டு."

"மேசைடி," என்றேன். முறையெல்லாம் பறந்துவிட்டது. "அவரோட மேசை. கூடத்துல இருக்குல்ல. நீ ஏன் பாய்ஞ்சே?"

அவள் தன் கால்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

"வாஷிங் மெஷின்," என்றாள். "பால்கனியில, இடது பக்கம்."

அவளுடைய இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன், கோதுமைதான் இருந்தது.

"தினமும்னு சொன்னேன்ல," என்றாள்.

ஆமாம், சொன்னாள். ஒரு நாள் இரண்டு நாள் ஆடினால் கால் இப்படிப் பழகாது. நாள் தவறாமல், குழந்தைகள் தூங்குகிற கொஞ்ச நேரத்தில், ஈரத் துணிக்கு நடுவில், இல்லாத என்னை அடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் அவளை ஆயா என்றேன். வயலிலேயே உட்கார்ந்து அழுதேன். குத்து வலிக்கிறது என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

"மன்னிச்சுக்கோ அக்கா."

"சரி, எழுந்திரு. பேண்ட் எல்லாம் சேறு."

மறுபடி ஆடினோம். நான் ஒதுங்கினேன், அவள் பாய்ந்தாள், மறுபடி அதே எலும்பில் விழுந்தது. இந்தத் தடவை எங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குரு உயிரோடு இருந்தால் இரண்டு பேர் முழங்காலுக்குப் பின்னாலும் உதைத்திருப்பார். மூன்றாவது தடவை, படாமல், எப்படியோ கடைசிவரை போய்ச் சேர்ந்தோம்.

ஏப்ரல் 5

மதிய ரயிலில் போய்விட்டாள். பூண்டு ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டியில் வைத்தால் உடையுமாம். அடுத்த கல்லறை நாள்வரை வர முடியாது என்றாள். தெரியும் என்றேன்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. காறையெலும்பில் ஊதா நிறம்.

ஏப்ரல் 9

மாஜோங் மேசையைத் தூக்கி வெளியே போட ஆள் கொண்டுவரட்டுமா என்று கெங் கேட்டார். வேண்டாம் என்றேன்.

காலையில் சூய் தானாகவே கூப்பிட்டாள். போனைத் திருப்பிப் பால்கனியைக் காட்டினாள். துணிக்கொடி, வாஷிங் மெஷின், அதன்மேல் பூண்டு ஜாடி. அளவு சொல்லச் சொன்னேன். அறுபது சென்டிமீட்டர் அகலம், என் தரை ஓடு ஒன்றின் அளவு. பதிலுக்கு மேசையின் அளவை எடுத்துக் கொடுத்தேன். அந்த இடத்தில் குழந்தைகளின் தள்ளுவண்டியை நிறுத்திக்கொள்கிறாளாம்.

அவள் மெஷினை என் கூடத்தில் சுண்ணக்கட்டியால் வரைந்துவிட்டேன். அவளுக்கு இடப்பக்கம் இருப்பது எனக்கு வலப்பக்கம். மேசையும் வலப்பக்கம்தான். ஆக, எங்கள் வரிசை இனிக் கொஞ்சம் கோணலாகத்தான் போகும். நாலாவது அடியில் நான் ஒதுங்குவேன், அவள் அடிக்காமல் விடுவாள். ஐந்தாவதில் அவள் பாய்வாள், நான் கூடுதலாக அரை ஓடு பின்னால் போவேன். தினமும் ஆறரை மணி, அவளும் அங்கே அப்போதுதான்.

இன்று முதல் நாள். ஆறரைக்குத் தொடங்கினேன். ஐந்தாவது அடியில் அரை ஓடு பின்னால் போனேன், என்மேல் எதுவும் படவில்லை. வரிசை முடிவில் காலை ஓங்கி மிதித்தேன்.

கெங் இரண்டு தட்டுத் தட்டினார்.