இருமச் சொன்னார் டாக்டர்

ஜூன் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். சைக்கிளுக்குக் காற்று அடிக்கணும். நாளை ஆஸ்பத்திரி.

எடுத்துப் போக: பழைய ஆபரேஷன் சீட்டு, துண்டு 2, டம்ளர், அதிமதுரம். அதிமதுரம் மறக்கக் கூடாது.

அல்சர் வெடித்து, ஆபரேஷனுக்காக வயிற்றைக் கிழித்தது முந்தின வருஷம். தழும்பு சீழ் பிடித்துப் பிரிந்தது, அந்த வழியாகக் குடல் பிதுங்கிற்று. போன வருஷம் வெறும் தையல் போட்டு மூடினார்கள். நாலு மாசம்கூட நிற்கவில்லை. இப்போது தேங்காய் அளவு. படுத்தால் உள்ளே போகும், நின்றால் வந்துவிடும். தங்கச் சுரங்கத்தில் கடைசியாக இறங்கி எட்டு மாசம் ஆகிறது. மேலே ஸ்டோரில் பலகை எண்ணுகிறேன். பாறைக்கே முட்டுக் கொடுத்த டிம்பர் மேஸ்திரிக்கு வந்த கதி.

புது டாக்டர் நைலான் வலை வைத்துத் தைப்பாராம். சீமைச் சாமான், ஒன்றே ஒன்றுதான் வந்திருக்கிறதாம். என் கேங்கில் இருந்த ஏழுமலை சாயங்காலம் வந்தான்.

"இன்னாண்ணே, கீழ சுரங்கத்துல நம்ம லெவல்ல கட்றமே கம்பி வலை, அதுவா?"

"கொசுவலை மாதிரி இருக்குமாம்டா."

"அப்ப வயித்துல கொசு பூராது." வயிற்றில் கையை வைத்துக்கொண்டுதான் சிரிக்க முடிந்தது.

வலையில் எனக்கு நம்பிக்கை உண்டு. பாறையில் போல்ட் அடித்து இழுத்துக் கட்டினால் உதிர்வதெல்லாம் அதில் நிற்கும். எத்தனை தலை தப்பியிருக்கிறது. என் பயம் வேறு. இருமல். விடிந்ததும் ஒரு பாட்டம் வரும். அந்த நேரத்துக்கு என் சம்சாரம் ரத்னா வெறும் உரலில் உலக்கை போடுவாள். அடுத்த வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி கம்பவுண்டர். அவர் காதில் விழுந்தால் எக்ஸ்ரே, எக்ஸ்ரே எடுத்தால் மெடிக்கல் போர்டு. போர்டு 'நெஞ்சில் தூசி' என்று எழுதிவிட்டால் வேலை போச்சு, கம்பெனி கொடுத்த லைன் வீடு போச்சு. வேலூர் பக்கம் தாத்தா விட்டு வந்த ஊரில் எங்களை யாருக்கும் தெரியாது.

டாக்டர் கேட்டால் இல்லை என்பது. தீர்மானம்.

ஜூன் 4, செவ்வாய்

மழை இல்லை. டோக்கன் 14. அதிமதுரம் நாக்கடியில். டாக்டர் சின்ன வயசு, கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே வருகிறது.

"இருமல் ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க."

ரத்னா சுவரில் இருந்த காலண்டரைப் படித்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"நல்லது. எழுந்து நில்லுங்க." பிதுக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். "இப்ப ஒரு தடவை இருமுங்க. இருமினாத்தான் ஓட்டை எவ்வளவு பெரிசுன்னு கைக்குத் தெரியும்."

இரண்டு வருஷமாய் ஒளித்து வைத்ததை அல்லவா கேட்கிறார். சும்மா தொண்டையைச் செருமினேன்.

"இன்னும் பலமா."

இருமினேன். நிற்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அதிமதுரம் தரையில் போய் விழுந்தது. நர்ஸ் பேசின் கொண்டுவந்தாள். அத்தனை நேரமும் டாக்டர் கையை எடுக்கவில்லை. அடங்கின பிறகு, "எத்தனை வருஷமா?" என்றார்.

ரத்னாதான் சொன்னாள். "ரெண்டு வருஷமா கீதுங்க."

சீட்டில் எக்ஸ்ரே என்று எழுதினார்.

வரும் வழியில் அவளைத் திட்டினேன். தப்பு. அவள் சொல்லாவிட்டாலும் என் குடலே சொல்லிவிட்டது.

ஜூன் 6, வியாழன்

படம் வந்தது. விளக்குப் பெட்டியில் வைத்துக் காட்டினார். நெஞ்சு பூராவும் வெள்ளைப் புள்ளி, ரவை தூவினாற்போல. பாறைத் தூசியாம்.

"வலைய வெச்சி தெச்சிடுங்க சார், மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

"வலை தாங்கும். அதைப் பிடிச்சிருக்கிற சதை தாங்காது. ஒவ்வொரு இருமலும் உள்ளேர்ந்து இடிக்குது, ஓரமா பிச்சுக்கும். சீழ் பிடிச்சா உயிருக்கே ஆபத்து."

"இருமல் போனப்புறம்?"

டாக்டர் பேனாவை மூடினார்.

ஆத்திரம் ஆத்திரமாய் வருகிறது. ஆனால் இதையே ஏழுமலைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பாறை உள்ளே சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது வலை கட்டாதே, போல்ட்டோடு பிடுங்கிக்கொண்டு வரும். டாக்டர் சொன்னது வேலை தெரிந்தவன் பேச்சு. அதுதான் தாங்கவில்லை.

எனக்கென்று வைத்திருந்த வலை இப்போது பக்கத்து ஊர் பேத்தமங்களாவிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு. பிரசவ ஆபரேஷன் தழும்பு பிரிந்துவிட்டதாம். உறை பிரிக்காமல் வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கை அகலம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் நர்ஸ் முகம் தெரிகிறது.

ஜூன் 8, சனி

வெயில். வயிற்றுப் பட்டி தைக்க காடாத் துணி 2 கஜம்.

போர்டு கடிதம் வந்தது. திங்கள் பத்து மணி. கொண்டுவந்து கொடுத்தவர் அடுத்த வீட்டுக் கம்பவுண்டர். வாசலிலேயே நின்றார்.

"எனக்கு எப்பவோ தெரியும் மேஸ்திரி. நெல்லு குத்துற சத்தம் வேற, வெறும் உரல் சத்தம் வேற. ரெண்டு வருஷமா ஒருத்தர்கிட்டயும் நான் சொல்லலியே."

உட்காருங்க என்றுகூட எனக்குச் சொல்ல வரவில்லை.

பேத்தமங்களா அம்மாவுக்கு நேற்று ஆபரேஷன் முடிந்ததாம். நன்றாக இருக்கிறாளாம். நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துப் பார்த்தேன். மனசு வரவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

மேகமூட்டம். பட்டி தைத்தாயிற்று, இறுக்கம். விடிந்ததும் இருமல். உலக்கைச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. ரத்னா உரலைத் தாண்டி வந்து என் எதிரே உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் என் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப இருமுங்க," என்றாள்.