தாளில் ஓடிய லாரிகள்

உடும்பஞ்சோலையிலிருந்து உன் மகள் அனுப்பிய பார்சலைப் பிரித்ததும் அறை முழுக்க ஏலக்காய் வாசனை. உள்ளே நம் மூவரின் கையெழுத்தும் கலந்த அந்தப் பழைய நோட்டு. "அம்மா போயி நாற்பது நாளாச்சு. இது உங்ககிட்ட இருக்கணும்னு தோணுச்சு" என்று ஒரு துண்டுத்தாள். உனக்கு எழுத எத்தனையோ வருஷம் இருந்தது. இப்போதுதான் எழுதுகிறேன்.

அவசரநிலை முடிந்த அடுத்த வருஷம். பாலக்காட்டுக் கல்லூரியில் நான் கணக்கு எடுத்தேன், நீ புள்ளியியல், சிவராமன் பௌதிகம். அவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து சிமுலா என்றொரு கணினி மொழியின் கைநூலை அனுப்பியிருந்தார். கம்ப்யூட்டரை நாம் மூவருமே கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் சனிக்கிழமை மத்தியானம் தோறும் ஒரு அத்தியாயம் என்று முடிவு செய்தோம். யாருக்குப் புரியவில்லையோ அவர்தான் அடுத்த வாரம் பாடம் எடுக்க வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். பெரும்பாலும் நான்தான் எடுத்தேன்.

ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியின் புத்தகம் எனக்குப் பழக்கம். அதில் ஒவ்வொரு அடியையும் நாம் சொல்ல வேண்டும். இதிலோ, 'லாரி' என்று ஒரு வகையை எழுதிவைத்தால் அதிலிருந்து எத்தனை லாரி வேண்டுமானாலும் பிறக்குமாம். ஒவ்வொன்றும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளுமாம்.

"அப்போ அந்த வகைங்கறது லாரியா, லாரி இல்லையா?" என்று கேட்டேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரி நீ. ஆறு மாதம் மூத்தவளாயிருந்தும் கடைசிவரை என்னை மரியாதையாகத்தான் கூப்பிட்டாய். "அச்சு வேறங்க டீச்சர், வெல்லம் வேறங்க. அச்சைத் திங்க முடியுங்களா?"

சிவராமன் சிரித்தார். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு நடக்கையில் மறுபடி எல்லாம் குழம்பிப்போயிற்று.

வாளையார் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டுவதையே ப்ரோக்ராமாக எழுதலாம் என்றதும் நீதான். ஒரு பகல் முழுக்க அங்கே புளியமரத்தடியில் நின்று, எந்த லாரி எப்போது வந்தது, எப்போது போனது என்று குறித்தோம். டிரைவர்கள் நம்மை வரி அதிகாரிகள் என்று நினைத்து சலாம் வைத்தார்கள். அதை வைத்து நீ எழுதிய ப்ரோக்ராமை நோட்டிலேயே வரிவரியாகக் கையால் ஓட்டிப் பார்த்தோம்.

பிறகு, நாம் எழுதிக் கேட்டிருந்ததற்குப் பதிலாகப் பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டு வாரம் மெஷினில் ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் ஒருவர்தான் வரலாம் என்று. நான் உன்னைப் பார்த்தேன்.

"நீங்க போயிட்டு வாங்க டீச்சர்."

"உனக்குத்தானே நன்னாப் புரிஞ்சிருக்கு?"

"புரிஞ்சவ எதுக்குங்க போகோணும்?"

போனேன். ப்ரோக்ராம் ஓடியது. லாரிகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன. ஒன்றுகூட வெளியே போகவில்லை. ஒன்பது நாள் தாள் தாளாகப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் கல்லூரிக்கு ட்ரங்க் கால் போட்டேன். இரைச்சலுக்கு நடுவே முழுதும் கேட்டுக்கொண்டு நீ ஒன்றே ஒன்று கேட்டாய்: "லாரி இல்லாதப்ப சாவடி ஆள் தூங்கிருவாருங்களே. லாரி வந்தா அவரை ஆருங்க எழுப்பறது?"

அவரை எழுப்பும் வரியை நீ எழுதித்தான் இருந்தாய். நகல் எடுக்கும்போது, எதற்கு இது என்று புரியாமல் நான்தான் விட்டுவிட்டேன். சேர்த்ததும் வரிசை நகர்ந்தது. அங்கிருந்தவர்கள் என்னைப் பாராட்டி, வேலைக்கு வருகிறாயா என்றும் கேட்டார்கள். எழுப்பும் வரி உன்னுடையது என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வந்தபோது நீ ராஜினாமா கொடுத்திருந்தாய். உடும்பஞ்சோலை ஏலத்தோட்டக்காரருக்கு நிச்சயமாகிவிட்டதாம். அந்தப் பேச்சு பம்பாய்க் கடிதத்துக்கு முன்பே நடந்தது என்றார்கள் ஆபீஸில். சிவராமன் சொன்னதோ வேறு: "பம்பாய் கிடைச்சா கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம்னு இருந்தா. உங்க மூஞ்சியைப் பார்த்ததும் கேட்க மனசு வரலை." எதை நம்புவது? பம்பாய் வேலையை ஒப்புக்கொண்டேன்.

பல வருஷம் கழித்து குமுளியில், கம்பம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த என்னை ஜன்னல் வழியே நீதான் அடையாளம் கண்டாய். நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன்: கல்யாணத்துக்காக விட்டுக்கொடுத்தாயா, எனக்காகவா?

"ரெண்டுமில்லீங்க டீச்சர். எனக்கு அந்த மெஷினைப் பார்க்கப் பயமுங்க. தாள்ல நல்லா ஓடிட்டிருந்துச்சு. அங்க போயி ஓடாமப் போச்சுன்னா?"

சிரித்தாய். நீ எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. நிஜம்தானா, என் மனசு ஆறட்டும் என்று சொன்னாயா என்று உன் முகத்தில் தேடினேன். பஸ் கிளம்பிவிட்டது.

முப்பது வருஷம் அந்த மெஷின்களோடுதான் பிழைத்தேன். அச்சும் வெல்லமும் எப்போதோ தெளிந்துவிட்டன. உனக்கு நன்றி சொல்ல வேண்டுமா, உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்பது மட்டும் இந்த வரி வரைக்கும் தெளியவில்லை.