தெர்பிஷ் என்றால் அது இல்லை

உலான்பாத்தர்
ஆகஸ்ட் 9, 1997

என் வீட்டு மனிதருக்கு,

மலையில் புல் காயாமலும் குதிரைகள் மெலியாமலும் உங்கள் முழங்கால் அடம்பிடிக்காமலும் இருக்க வேண்டும் என்று விரும்பி எழுதுகிறேன்.

ஜீப் ஓட்டும் தாவா உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். மூன்று பக்கம் என்று சந்தோஷப்பட்டுப் பிரித்தேன். எல்லாம் அந்தக் காட்டுச் செம்மறிக் கடாவைப் பற்றி. அது எங்கே படுத்தது, எந்தப் பக்கம் காற்று வந்தபோது எழுந்தது, எப்படி மூக்கைத் தூக்கியது. கடைசியில் மூலையில் நெருக்கி எழுதிய "நீ நலமா" மட்டும் எனக்கு. நலம்தான்.

நம் வேட்டைக் கம்பெனியில் வேலை அதிகம். ஜெர்மன்காரர்களும் ஆஸ்திரியர்களும் வந்துகொண்டே இருக்கிறார்கள். விமான நிலையத்தில் அவர்களுடைய துப்பாக்கிப் பெட்டிகளைத் திறந்து காட்டி, தோட்டாக்களை எண்ணிக் கையெழுத்துப் போடுகிறேன். லைப்சிக்கில் வேதியியல் படித்தவளுக்கு நல்ல வேலை.

சொல்ல வந்தது வேறு. உங்கள் தங்கை துல்மா தபால் அலுவலகத்திலிருந்து போன் பண்ணினாள். "அண்ணி, எனக்கு நாலு இருக்கு, போதும். வயித்துல இருக்கிறது உங்களுக்குத்தான். ஆனா அண்ணன் வந்து கேக்கணும்" என்றாள். உங்கள் குடும்ப வழக்கம் உங்களுக்கே தெரியும். நீலப் பட்டுத் துணியும் கிண்ணம் பாலும் ஏந்தி, குழந்தை பிறப்பதற்கு முன் கூடப்பிறந்தவன்தான் கேட்க வேண்டும். நான் கேட்டால் செல்லாது. இலையுதிர்கால முடிவில் பிறக்குமாம்.

எனக்கு நாற்பத்திரண்டு ஆகிறது. ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள் நெற்றியை முகர்ந்து,
யாஞ்சிமா

*

மலை முகாம்
ஆகஸ்ட் 24

என் யாஞ்சிமாவுக்கு,

நீ அனுப்பிய தேயிலையும் காலுறையும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் சுகம். முதல் பனி தூவிவிட்டுக் கரைந்தது. என்னோடு வேலை செய்யும் புரெவ் வழக்கம்போல் வாயாடுகிறான். சமையற்காரி சூப்பில் உப்பை அள்ளிப் போட்டால், "அக்கா, யாரை நெனச்சுக்கிட்டுப் போட்டீங்க?" என்கிறான். கரண்டியால் அடி வாங்குகிறான்.

சுவிஸ்காரர் ஒருவர் வந்து போனார். அவருடைய தொலைநோக்கி நம் கடா படுத்திருக்கும் செம்பாறைப் பக்கம் திரும்பும் போதெல்லாம் எனக்கு இருமல் வந்தது. அப்படியும் கண்டுபிடித்துவிட்டார். "கிழடு, பல்லில்லை, கொம்பு உளுத்தது" என்று சொல்லி வேறு பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போனேன். மூன்று வருஷமாக இதே பொய். உண்மையில் அப்படி ஒரு கொம்பை நான் பார்த்ததில்லை. முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி வெளியே போகிறது. இடது நுனி மட்டும் உடைந்திருக்கிறது. படுப்பதற்கு முன் முன்னங்காலால் கல்லைத் தள்ளிச் சமன் செய்துகொள்கிறான், படுக்கை விரிக்கிற மனிதனைப் போல. பிறகு நம் முகாமைப் பார்த்தபடியே அசைபோடுகிறான்.

மலையில் இருக்கும்போது வேட்டை மிருகத்தை அதன் பெயரால் சொல்லக் கூடாது, மலை கேட்டுவிடும். ஆகவே அவனுக்கு நான் ஒரு பெயர் வைத்திருக்கிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், புரெவுக்குக்கூடத் தெரியாது. தெர்பிஷ்.

துல்மா விஷயம், வேட்டைக் காலம் முடியட்டும், பார்க்கலாம்.

தம்தின்

*

உலான்பாத்தர்
செப்டம்பர் 5

தம்தினுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன்.

அந்தப் பெயர் யாருக்காக எடுத்து வைத்தது என்பது உங்களுக்கு மறந்திருக்காது. நம் மகள் எர்தெனெ இறந்த குளிர்காலத்தில் உங்கள் அம்மா நம் அடுப்பருகே உட்கார்ந்து சொன்னார்கள். "எர்தெனெ, ரத்தினம்னு பேர் வெச்சா யாருக்குத்தான் எடுத்துக்கத் தோணாது? அடுத்தது பொறந்தா தெர்பிஷ்னு கூப்பிடுங்க. எமன் வந்து விரலை நீட்டினா, 'அது இல்ல'ன்னு பேரே சொல்லித் திருப்பி அனுப்பிடும்." எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சரி என்றேன். அடுத்தது பிறக்கவில்லை. பெயர் மட்டும், தைத்துப் போடாத சட்டை போல, இத்தனை வருஷம் என்னிடம் இருந்தது. உங்களிடமும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அதை எடுத்து ஒரு செம்மறிக் கடாவுக்குப் போட்டுவிட்டீர்கள்.

இன்னொரு பெண்ணாக இருந்திருந்தால் என் பாடு சுலபம். தேடிப் போய் முகத்தைப் பார்த்து, ஊருக்கெல்லாம் சொல்லித் திட்டியிருப்பேன். இதை யாரிடம் சொல்ல? "என் புருஷன் கடாவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்" என்றால் சிரிப்பார்கள். அதற்கு என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று கேட்கவும் வழியில்லை, முளைத்துத்தான் இருக்கிறது. அது படுக்கை விரிப்பதைப் பார்க்க உங்களுக்கு மூன்று வருஷம் கிடைத்தது. போன குளிர்காலம் முழுக்க நம் படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் நீங்கள்.

ஆமாம் அல்லது இல்லை என்று கேட்டிருந்தேன். "பார்க்கலாம்" இரண்டிலும் சேர்த்தியில்லை.

போன வருஷம் வெறுங்கையோடு திரும்பிய ஆஸ்திரியர் ஹால்டர் மறுபடி வந்திருக்கிறார். "உங்க வழிகாட்டி எதைப் பார்த்தாலும் கிழடுங்கிறாரே, அம்மா" என்று குறைப்பட்டார். அவருக்குத் தேநீர் கொடுத்து, பொறுமையாகப் பேசி, அடுத்த வாரம் அனுப்பி வைக்கிறேன்.

யாஞ்சிமா

*

உலான்பாத்தர்
செப்டம்பர் 27

தம்தினுக்கு,

இன்று காலை ஹால்டர் அலுவலகத்துக்கு வந்தார். முகமெல்லாம் வெயிலில் உரிந்து, சிரிப்பு அடங்காமல் இருந்தார். காமிராவிலிருந்து உடனே வெளியே வருமே, அந்த மாதிரிப் படம் ஒன்றை மேசைமேல் வைத்து, "உங்க தெர்பிஷ்" என்றார். எனக்கு ஒரு பெட்டி சாக்லேட்டும் கொடுத்தார்.

நான்தான் சொன்னேன். நீங்கள் யாரையும் சந்தேகப்பட வேண்டாம். "பெரியது ஒன்று இருக்கிறது, அவரிடம் தெர்பிஷ் என்று கேளுங்கள்" என்றேன். அர்த்தத்தைச் சொல்லவில்லை, பெயர் என்று மட்டும் சொன்னேன். அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிக்கொண்டார். உச்சரிப்பைத் திருத்திக்கூடக் கொடுத்தேன்.

படத்தில் அது முன்னங்காலை மடித்துப் படுத்திருந்தது. இடது கொம்பின்மேல் அவர் கையைப் போட்டிருந்ததால் உடைந்த நுனி தெரியவில்லை. வெகுநேரம் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றும் என நினைத்திருந்தேன். கண் பாதி திறந்திருந்தது. அந்தப் பெயரோடு ஒன்று செத்துக் கிடப்பதைப் பார்க்கப் போகிறோம் என்று நான் யோசிக்கவே இல்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்டால் நீங்கள் பதில் எழுத வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை. சாக்லேட்டைப் பக்கத்து மேசைக்குக் கொடுத்துவிட்டேன்.

யாஞ்சிமா

*

துல்மா வீட்டிலிருந்து
அக்டோபர் 4

யாஞ்சிமா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஹால்டர் வந்த அன்றைக்குச் சாப்பிடும்போது என்னைப் பார்த்து, தெளிவாக, "தெர்பிஷ்" என்றார். மொழிபெயர்க்க வந்த பெண்ணுக்குச் சிரிப்பு. "'அது இல்ல'ங்கிறாரு. எது இல்லையாம்?" என்றாள். அவர் தலையை ஆட்டி, கைகளை விரித்துச் சுழற்றிக் காட்டி, மறுபடி "தெர்பிஷ், தெர்பிஷ்" என்றார். "சூப்பு இது இல்லையாம்" என்றான் புரெவ். "அக்கா, உங்க உப்பு ஆஸ்திரியா வரைக்கும் போயிடுச்சு." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கிண்ணத்தைக் கீழே வைக்க முடியவில்லை. அந்தச் சொல் உன்னிடமிருந்து அல்லாமல் வேறு எங்கிருந்தும் வந்திருக்க முடியாது.

கோபம் வரவில்லை என்று எழுதமாட்டேன். வந்தது. பிறகு பயம் வந்தது. இருமல், கிழடு, எதுவும் இனி செல்லாது. இன்னொரு முறை அவரை வெறுங்கையோடு அனுப்பினால் கம்பெனி என்னையும் அனுப்பிவிடும். விடிந்ததும் முழங்கால் வலி என்றேன். புரெவ் என்னைப் பார்த்த பார்வையில் அவன் நம்பவில்லை என்று தெரிந்தது. ஹால்டரைக் கூட்டிக்கொண்டு போனான். மொழிபெயர்ப்புப் பெண்ணுக்கு மலை உயரத்தில் தலைசுற்றியது, கூடாரத்திலேயே படுத்துவிட்டாள். நான் எதிர்மேட்டில் ஏறித் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு படுத்தேன். என் கண்ணெதிரே நடக்கட்டும் என்று நினைத்தேன்.

நம் கடா செம்பாறைக்குக் கீழேதான் இருந்தான், இன்னும் சில கடாக்களோடு. புரெவ் நேரே அவனைப் பார்த்துத்தான் ஹால்டரைப் படுக்க வைத்தான். ஹால்டர் துப்பாக்கியைச் சரிசெய்தார். பிறகு விரலை நீட்டினார். புரெவ் ஏதோ கேட்டான். மறுபடி விரலை நீட்டினார். புரெவ் அவர் தோளைத் தொட்டு இடது பக்கம் திருப்பினான். வேட்டுச் சத்தம் எனக்குக் கேட்டபோது, இடது ஓரத்தில் நின்ற ஒரு கடா விழுந்து உருண்டது. நம் கடாவோ மற்றவற்றோடு மேட்டைத் தாண்டிப் போய்விட்டான்.

மாலையில் புரெவ் என்னிடம் வந்து புலம்பினான்.

"அண்ணே, இந்த ஆளுக்குக் கிறுக்கு. மலை மாதிரி ஒண்ணு முன்னால நிக்குது. நான் காட்டறேன். இவரு விரலை நீட்டி 'அது இல்ல, அது இல்ல'ங்கிறாரு. நம்ம பாஷையில, சுத்தமா. 'இதுதானே பெருசு?'ங்கிறேன். 'அது இல்ல'ங்கிறாரு, பல்லைக் கடிச்சுக்கிட்டு. சரி, காசு குடுக்கிறவரு வேணாம்னா நமக்கென்ன? பக்கத்துல இருந்ததைக் காட்டினேன். சுட்டாரு. அப்புறம் என்னைக் கட்டிப் புடிச்சு அழறாரு. பெருசை விட்டுட்டுச் சின்னதைச் சுட்டதுக்கு எதுக்கு அண்ணே அழணும்?"

"கொம்பு நல்லாயிருக்கு. அதுக்குத்தான்" என்றேன்.

படத்தை மறுபடி வாங்கிப் பார். ஹால்டரின் விரல்களுக்கு நடுவே இடது நுனி தெரியும். உடையாத நுனி.

நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் வருகிறது. எர்தெனெயை என் அங்கிக்குள் வைத்துக்கொண்டு பனியில் ஆஸ்பத்திரிக்குப் போன வழி முழுக்க அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன், தூங்கிவிடக் கூடாதே என்று. அவ்வளவு சத்தமாகச் சொன்னதால்தான் கேட்க வேண்டாத காதுக்கு எட்டிவிட்டதோ என்று பிறகு தோன்றியது. உன்னிடம் சொன்னால், படித்தவள், கோபப்படுவாய். அம்மா சொன்ன பெயர் வேலை செய்யுமா என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. குழந்தைமேல் போட்டுப் பார்க்க முடியாது. துப்பாக்கிகளுக்கு நடுவே நிற்கிற ஒருவன்மேல் போட்டுப் பார்த்தேன். மூன்று வருஷமும், பெயர் காப்பாற்றுகிறதா, என் பொய் காப்பாற்றுகிறதா என்று தெரியவில்லை. இந்த முறை நான் அங்கே இல்லை. நீ அந்தப் பெயரைத் துப்பாக்கிக்காரன் வாயிலேயே வைத்து அனுப்பியிருந்தாய்.

நேற்று இங்கே வந்தேன். நீலத் துணியும் பாலும் ஏந்தி மண்டியிட்டேன். துல்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "முழங்கால் வலின்னு தாவா சொன்னானே, எப்படிண்ணே மண்டி போட்டீங்க? பாலைச் சிந்தாம புடிங்க." பிறகு சிரிப்பை நிறுத்தி, துணியை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பாலை மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

பெயரைக் கடாவிடமிருந்து இறக்கிவிட்டேன். இனி அவன் வெறும் கடா. பெயர் உன்னுடையது.

தம்தின்

*

உலான்பாத்தர்
அக்டோபர் 15

என் வீட்டு மனிதருக்கு,

பனி சீக்கிரமே வந்துவிட்டதாகத் தாவா சொன்னான். காலுறையைப் போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஹால்டர் ஊருக்குப் போய்விட்டார், ஆனால் படத்தின் பிரதி கோப்பில் இருக்கிறது. நுனி உடையவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்து அழுதேன். ஆஸ்திரியரைப் பிடித்துப்போய்விட்டதா என்று கேட்டார்கள். மறுக்கவில்லை, உண்மையைவிட அது நம்பும்படி இருந்தது.

அந்தப் பெயர் காப்பாற்றியது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புரெவுக்கு அது பெயர் என்று தெரியவில்லை, மொழி தெரியாத ஹால்டர் புரெவ் காட்டியதுதான் தெர்பிஷ் என்று நம்பிவிட்டார், அவ்வளவுதான். நீங்கள் இதைப் படித்துத் தலையாட்டிச் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது நீங்கள் யாரை நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்பது இப்போது புரிகிறது. நானும் மறுபக்கச் சுவரில் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் திரும்பியிருக்கலாம்.

நேற்றைக்கு முந்தின நாள் துல்மாவுக்குப் பையன் பிறந்த செய்தி முகாமுக்கும் வந்திருக்கும். நான் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறேன். அதற்குள் நீங்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். வேட்டைக் காலம் இன்னும் முடியவில்லை. போன வருஷம் வந்த இரண்டு பேர் மறுபடி வருவதாக எழுதியிருக்கிறார்கள். செம்பாறைப் பக்கம் போய், அந்தப் பெயரை அதனிடமே திரும்பக் கொடுத்துவிட்டு வாருங்கள். வெறும் கடாவாக அதை அங்கே நிற்க விடாதீர்கள்.

நம் பையனுக்கு எனெபிஷ் என்று வைப்போம். எமன் மலைப்பக்கம் விரல் நீட்டினால் 'அது இல்லை', வீட்டுக்குள் விரல் நீட்டினால் 'இது இல்லை'. குழப்பத்தில் அவன் வேறு ஊருக்குப் போகட்டும்.

ஆனால் ஒன்று. என் பிள்ளைக்கு முன்னால் பெயர் வாங்கிக்கொண்ட அண்ணன் ஒருவன் இருக்கிறான், அவனுக்குக் கொம்பு வேறு முளைத்திருக்கிறது என்பதை நான் கடைசிவரை பொறுத்துக்கொள்ளப் போவதில்லை. இனி அவனைப் பற்றி எழுதும்போது ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

பையன் உச்சியை எனக்கு முன்னால் முகர்ந்துவிடாதீர்கள்.

யாஞ்சிமா